பின்னால் வரும் கார்

நெடுந்தூரம் சைக்கிளில் போய்வந்தவர்கள் எழுதும் கட்டுரைகளில் ஏற்றம் வரும், இறக்கம் வரும், மழையும் பஞ்சரும் வரும். சாயங்காலம் ஏதோ ஒரு காட்டோரத்தில் கார் ஒன்று தயாராக நிற்கும். அந்தக் கார் அங்கே எப்படி வந்து சேர்ந்தது என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை. அந்தக் காரை ஓட்டுகிறவள் நான். அமெரிக்காவில், மேரிலாந்து மாநிலத்து ராக்வில்லில் குடியிருக்கிறோம். எனக்கு முழங்கால் தேய்மானம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து மிதிப்பது எங்க வீட்டுக்காரரும் அவர் தம்பியும் அவர்களுடைய சிநேகிதர்களும். மினிவேனும் சாவியும் என் பொறுப்பு. கூடவே, வழியில் எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது, யாரை எங்கே ஏற்றி எங்கே இறக்குவது என்ற திட்டமும் என் தலையில்தான்.

அவர்கள் மிதிக்கும் வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். பென்சில்வேனியா மாநிலத்து பிட்ஸ்பர்க் நகரிலிருந்து தலைநகர் வாஷிங்டன் வரை, மோட்டார் வண்டியே நுழையாத பாதை ஒன்று போகிறது. ஏறத்தாழ 335 மைல், அதாவது சுமார் 540 கிலோமீட்டர். உண்மையில் இவை இரண்டு பாதைகள். பிட்ஸ்பர்க்கிலிருந்து கம்பர்லண்ட் என்ற ஊர் வரையுள்ள 150 மைலுக்கு கிரேட் அலெகெனி பாசேஜ் என்று பெயர். கைவிடப்பட்ட ரயில் தடத்தைச் செப்பனிட்டு, நுண்ணிய சுண்ணாம்புக்கல் பரப்பி உருவாக்கியது. துண்டு துண்டாக வளர்ந்து, 2013-ல்தான் கடைசி இடைவெளி அடைபட்டது. கம்பர்லண்டிலிருந்து வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் வரை மீதி 184.5 மைல். பொட்டோமேக் ஆற்றை ஒட்டி வெட்டிய பழைய செசபீக் - ஒஹாயோ கால்வாயின் கரை அது. கோவேறு கழுதைகள் படகுகளை இழுத்து நடந்த வழி. 1828-ல் தொடங்கிய கால்வாய் 1850-ல் கம்பர்லண்டை எட்டியது, 1924-ல் வெள்ளத்தோடு ஓய்ந்தது. பிறகு அதன்மேல் கார் சாலை போடப் பார்த்தார்கள். வில்லியம் டக்ளஸ் என்ற உச்சநீதிமன்ற நீதிபதி 1954-ல் அதை எதிர்த்து, பத்திரிகைக்காரர்களையும் அழைத்துக்கொண்டு கால்வாய்க் கரையிலேயே நடந்தார். 1971-ல் அது தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது. ஒரு காரோட்டியாக நான் அவர்மேல் வருத்தப்பட வேண்டும். வருத்தமில்லை.

ஆனால் என் சங்கடமெல்லாம் கார் நுழையாத அந்தப் பாதையில்தான் பிறக்கிறது. ரயிலும் கால்வாயும் ஏற்றத்தைத் தவிர்க்க ஆற்றோடு வளைந்து வளைந்து போகும். சாலை மலையேறிக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். பேச்சுவார்த்தை அறுந்த பங்காளிகள் கோயில் திருவிழாவில் மட்டும் எதிர்ப்படுவதைப் போல, இந்தப் பாதையும் சாலையும் எப்போதோ ஓரிடத்தில்தான் சந்திக்கின்றன. அந்தச் சந்திப்புகளைக் கண்டுபிடித்துவிட்டால் திட்டத்தில் பாதி முடிந்தது. சைக்கிள் வரைபடத்தை வைத்து நாளுக்கு இத்தனை மைல் என்று முதலில் வகுத்துவிட்டு, அப்புறம் காருக்கு இடம் தேடுகிறவர்கள்தான் திண்டாடுகிறார்கள். நான் சாலை வரைபடத்தில் தொடங்குவேன். கார் எங்கே வர முடியுமோ அங்கேதான் அன்றைய சவாரி முடியும்.

கால்வாய்ப் பாதையில் பாபா என்ற ஊருக்கு அருகே ஒரு சுரங்கம் இருக்கிறது. மலையைக் குடைந்து செங்கல் பதித்த 950 மீட்டர் இருட்டு. உள்ளே சைக்கிளை விட்டு இறங்கி, டார்ச் வெளிச்சத்தில் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். அதற்குப் பக்கத்தில் 51-ஆம் எண் சாலையோரம் கார் நிறுத்த இடம் உண்டு. எப்போதும் அங்கே நிற்பதாகத்தான் ஏற்பாடு. கொழுந்தனாருக்குக் காலையில் காலில் தெம்பு இருந்தால் போதும், பேரம் தொடங்கிவிடும்.

"அண்ணி, சுரங்கத்துக்கிட்ட வேணாம். இன்னும் பதினஞ்சு மைல்தான், லிட்டில் ஆர்லியன்ஸ் வந்துடறோம். அங்க ஏத்திக்குங்க."

"உங்களுக்குப் பதினஞ்சு. எனக்கு அம்பது."

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. இரண்டு இடங்களுக்கும் நடுவே காடும் மண்சாலைகளும்தான். தார்ச்சாலையில் வரவேண்டுமென்றால் கம்பர்லண்டுக்கே திரும்பிப் போய் 68-ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடிக்க வேண்டும். இல்லையா, ஆற்றைக் கடந்து மேற்கு வர்ஜீனியாவுக்குள் சுற்றி, ஹான்காக் பாலம் வழியாக வரவேண்டும். எந்தப் பக்கம் போனாலும் 50 மைலுக்குக் குறையாது. பாபாவை விட்டால் ஹான்காக் வரையில் கார் போகிற பாலமே பொட்டோமேக்குக்கு இல்லை. ஆகவே ஆற்றோரப் பாதைக்குத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் பாலங்களை எண்ணிக்கொள்ளுங்கள். அக்கரை கண்ணுக்குத் தெரியும், கைதட்டினால் கேட்கும், ஆனால் காருக்கு அது ஒரு மணி நேரத் தொலைவு.

இன்னும் தெற்கே, பாயின்ட் ஆஃப் ராக்ஸ் பாலத்தை விட்டால் வாஷிங்டனைச் சுற்றும் வளைய நெடுஞ்சாலை வரை பாலம் கிடையாது. நடுவில் ஒயிட்ஸ் ஃபெரி என்ற இடத்தில், கம்பிவடத்தைப் பிடித்துக்கொண்டு காரையும் சைக்கிளையும் அக்கரை சேர்க்கும் படகு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதிலேறி வர்ஜீனியாவின் லீஸ்பர்க் ஊருக்குப் போய்ச் சாப்பிட்டு வருவது ஒரு நல்ல கிளைப்பயணமாக இருந்தது. அக்கரையில் படகு ஒதுங்கும் நிலம் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கில் தீர்ப்பு வந்து, வடமும் அறுந்து, 2020 டிசம்பரில் படகு நின்றது. பழைய வழிகாட்டிப் புத்தகங்களில் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. புத்தகத்தின் பதிப்பு ஆண்டைப் பார்த்த பிறகுதான் நான் உள்ளே படிப்பேன்.

மைல்கல் விஷயமும் உண்டு. அலெகெனி பாதையில் கம்பர்லண்ட் பூஜ்யம், பிட்ஸ்பர்க் 150. கால்வாய்ப் பாதையில் ஜார்ஜ்டவுன் பூஜ்யம், கம்பர்லண்ட் 184.5. பிட்ஸ்பர்க்கிலிருந்து வருகிறவருக்கு எண் குறைந்துகொண்டே வந்து, கம்பர்லண்டில் பூஜ்யத்தைத் தொட்டு, அதே இடத்தில் 184-க்குத் தாவி, மறுபடியும் குறையும். ஆக, அறுபது சொச்சம் மைல் என்ற இடம் இரண்டு உண்டு. ஒன்று பென்சில்வேனியாவில் கன்ஃப்ளூயன்ஸ் என்ற சிற்றூர். மற்றொன்று ஹார்ப்பர்ஸ் ஃபெரி. "அறுபதுல நிக்கிறோம்" என்று மட்டும் செய்தி அனுப்பினால் என்ன செய்வது? எங்கள் கூட்டத்தில் எண்ணுக்கு முன்னால் 'மலை' அல்லது 'கால்வாய்' என்று சேர்த்தே எழுதவேண்டும் என்பது சட்டம். செல்பேசி சிக்னல் பல இடங்களில் பெயருக்குத்தான் இருக்கும். குரல் போகாத இடத்திலும் குறுஞ்செய்தி சிலசமயம் நழுவிப் போய்ச் சேர்ந்துவிடும். அதற்கும் வழியில்லாவிட்டால் இரண்டாவது சட்டம்: சொன்ன இடத்தைவிட்டுக் கார் நகராது. தேடிக்கொண்டு போகவே கூடாது. நான் தேடிப்போகிற நேரத்தில் அவர்கள் வந்து நிற்பார்கள், அப்புறம் இரண்டு தரப்பும் மாறி மாறித் தேடவேண்டியதுதான்.

இனிப் பக்கத்து இடங்கள். இந்தப் பாதையை முழுக்க மிதித்துவிட்டு, பார்க்கவேண்டியதை எல்லாம் பார்க்காமல் வீடு திரும்புகிறவர்கள் ஏராளம். மாலையில் சவாரி முடிந்தபின் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று திட்டத்தில் எழுதிவைப்பார்கள். ஐம்பது மைல் மிதித்தவனுக்குச் சாயங்காலம் வேண்டியது வெந்நீர்க் குளியலும் சாப்பாடும். உலகப் பாரம்பரியச் சின்னத்தையே கண்முன் நிறுத்தினாலும் கொட்டாவிதான் வரும். ஆகவே எங்கள் வழக்கம்: பார்ப்பதைக் காலையில் பார்த்துவிட வேண்டும், அன்றைக்கு மிதிப்பது பாதித் தூரம்.

இதற்கு நல்ல உதாரணம் ஃபாலிங்வாட்டர். பிட்ஸ்பர்க்கின் கடை முதலாளி காஃப்மன் குடும்பத்துக்காகக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் 1935-ல் வரைந்த வீடு. அருவியை எதிரே இருந்து பார்க்கும்படி வீடு கேட்டார்கள் அவர்கள். இவர் அருவியின் தலைமேலேயே வீட்டை எழுப்பிவிட்டார். தூணில்லாமல் அந்தரத்தில் நீளும் கான்கிரீட் மாடங்களுக்கு அடியிலிருந்து தண்ணீர் விழும். 2019-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பாதை மேல் இருக்கும் ஓஹயோபைல் ஊரிலிருந்து நாலே மைல். நாலு மைல்தானே, மிதித்துவிடலாம் என்று தோன்றும். அந்த நாலு மைல் ரயில் தடம் அல்ல, மேடு பள்ளமான மலைச்சாலை. ஓரத்தில் ஒதுங்க இடமில்லை, லாரிகளும் வரும். அங்கே கார்தான்.

அதைவிடக் கவனிக்கவேண்டியது நாள்கணக்கு. புதன்கிழமை அங்கே விடுமுறை. உள்ளே பார்க்க, நேரம் குறித்த டிக்கெட் முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும். பிட்ஸ்பர்க்கிலிருந்து ஓஹயோபைல் 78 மைல், நிதானமாக மிதித்தால் இரண்டு நாள். திங்கட்கிழமை கிளம்பினால் செவ்வாய் இரவு ஓஹயோபைல், விடிந்தால் புதன், கதவு சாத்தியிருக்கும். அதனால் நாங்கள் திங்களன்று கிளம்புவதே இல்லை. மொத்தப் பயணத்தின் தொடக்க நாளையும் ஒரு வீட்டின் விடுமுறை தீர்மானிக்கிறது என்றால் சிரிப்பார்கள். ஆனால் திட்டம் என்பதே இப்படிப் பின்னோக்கி எண்ணுவதுதான். டிக்கெட் கிடைத்த காலை நேரத்தைப் பார்த்து, அன்று மதியத்துக்குமேல் கன்ஃப்ளூயன்ஸ் வரை 11 மைல் மட்டும் மிதித்து நிறுத்திக்கொள்வார்கள். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளை வீட்டுக்குள் சுற்றிக்காட்ட அழைத்துப் போவதில்லை. பேரன் பேத்தி கூட வந்திருந்தால் ஒரு பெரியவர் ஓஹயோபைலில் தங்கிவிடலாம். ஊருக்குள்ளேயே அருவி இருக்கிறது, பக்கத்து ஓடையில் பாறையே சறுக்குமரமாக வழுவழுத்துக் கிடக்கிறது. வரலாற்றுப் பிரியர்கள் இருந்தால், இளம் அதிகாரியாக இருந்த ஜார்ஜ் வாஷிங்டன் 1754-ல் பிரெஞ்சுப் படையிடம் சரணடைந்த ஃபோர்ட் நெசசிட்டி கோட்டையும் காரில் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அவர் வாழ்நாளில் சரணடைந்தது அந்த ஒரு தடவைதான்.

ஓஹயோபைலுக்கு முந்தைய துண்டு காரோட்டிக்கு ஓய்வு. கனெல்ஸ்வில் என்ற ஊரிலிருந்து 16 மைலுக்கு மேல், யாக்கிகேனி ஆற்றுப் பள்ளத்தாக்கில் காடு மட்டும்தான். நம்பி நிறுத்தக்கூடிய இடம் எதுவும் கிடையாது. கனெல்ஸ்வில்லில் தண்ணீர்ப் புட்டிகளையும் புளியோதரைப் பொட்டலத்தையும் கொடுத்து அனுப்பிவிட்டால் மூன்று மணி நேரம் என்னைக் கேட்பாரில்லை. புளியோதரை என்றதும் ஞாபகம் வருகிறது: கிளம்புவதற்கு முந்தைய நாள் பிட்ஸ்பர்க்கை ஒட்டிய பென் ஹில்ஸில், திருப்பதிக் கோயிலைப் பார்த்து 1970-களில் எழுப்பிய வெங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் மறுவேலை. அமெரிக்காவின் பழைய இந்துக் கோயில்களில் ஒன்று அது. மலைப்பாதையில் மரக்கறி உணவு சுலபமாகக் கிடைக்காது என்பதால், ஐஸ் பெட்டியில் தயிர்சாதம் வைத்துக்கொள்ளாமல் நான் எங்கும் கிளம்புவதில்லை.

ராக்வுட் ஊரிலிருந்து காரில் முக்கால் மணி நேரத்தில் ஷேங்ஸ்வில். 2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட விமானங்களில் நான்காவது விழுந்த வயல். பயணிகளும் விமான ஊழியர்களுமாக நாற்பது பேர் அதில் இறந்தார்கள். 93 அடி உயரக் கோபுரம் ஒன்றில் அவர்கள் நினைவாக நாற்பது காற்றுமணிகள் தொங்குகின்றன. நுழைவுக் கட்டணம் இல்லை. இந்த இடத்துக்கு மட்டும் நேரம் வகுக்கவேண்டாம் என்பது என் எண்ணம். சிலர் கால்மணியில் திரும்பிவிடுகிறார்கள், சிலர் பெயர்ச் சுவரருகே நின்றுகொண்டே இருக்கிறார்கள். அன்றைக்கு மேற்கொண்டு மிதிப்பதாகத் திட்டம் போட்டால் அவர்களைக் கைப்பிடித்து இழுத்துவர வேண்டியிருக்கும்.

அடுத்து, மிதிக்கத் தெரிந்தும் தெம்பு இல்லாத விருந்தாளிகளுக்கு ஏற்ற ஒரு துண்டு உண்டு. கோடையில் ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாக்களையும், சம்பந்தி வீட்டாரையும் நான் இங்கே இறக்கிவிடுவேன். டீல் என்ற இடத்துக்கு அருகே பாதையின் உச்சி, கடல்மட்டத்திலிருந்து 2,392 அடி. இங்கே கிழக்கே விழும் மழை அட்லாண்டிக்குக்கும் மேற்கே விழும் மழை மெக்சிகோ வளைகுடாவுக்கும் போகிறது. பிட்ஸ்பர்க் பக்கத்திலிருந்து 126 மைலில் மெல்ல மெல்ல ஏறிவரும் பாதை, கம்பர்லண்ட் பக்கம் 24 மைலில் இறங்கிவிடுகிறது. அந்த 24 மைலும் சரிவுதான், பிரேக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். பிக் சாவேஜ் என்ற ஒரு கிலோமீட்டர் நீளச் சுரங்கம், அதைத் தாண்டியதும் மலைத்தொடர்களின் விரிந்த காட்சி, பிறகு பென்சில்வேனியாவையும் மேரிலாந்தையும் பிரிக்கும் மேசன் - டிக்சன் எல்லைக்கோடு என்று எல்லாம் வரிசையாக வரும். குளிர்காலத்தில் அந்தச் சுரங்கத்தின் கதவுகளைச் சாத்திவிடுவார்கள், ஏப்ரலில்தான் திறப்பார்கள். வாடகை சைக்கிள் கம்பர்லண்டில் கிடைக்கும்.

எதிர்த்திசையில் வருகிறவர்களுக்கும் சலுகை உண்டு. கம்பர்லண்டிலிருந்து ஃப்ராஸ்ட்பர்க் வரை சுற்றுலா ரயில் ஒன்று ஓடுகிறது, சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளும். 16 மைல் ஏற்றம் அதில் கழிந்துவிடும். ரயிலேறினால் பாதையை முழுதாக முடித்த கணக்கில் சேருமா என்று ஆண்கள் மணிக்கணக்கில் விவாதிப்பார்கள். எங்க வீட்டுக்காரர் காரில் ஏறுமுன் மைல்கல்லைப் படமெடுத்துவைத்து, மறுநாள் அதே கல்லருகே இறங்கித்தான் மிதிப்பார். ஒரு மைலும் விட்டுப்போகக்கூடாது. இந்த ரகத்து ஆசாமிகள் உங்கள் கூட்டத்தில் இருந்தால், ஏற்றிய இடத்துக்கே திரும்பிக் கொண்டுவிடும் தூரத்தையும் பெட்ரோல் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கால்வாய்ப் பகுதியில் என் விருப்பம் ஆன்டீடம் போர்க்களம். 1862 செப்டம்பர் 17, உள்நாட்டுப் போரில் அமெரிக்க மண் கண்ட மிகக் கொடிய ஒற்றை நாள். மாண்டவர், காயம்பட்டவர், காணாமல்போனவர் எல்லாம் சேர்த்துச் சுமார் 23,000 பேர். ஐந்து நாள் கழித்துத்தான் அடிமைகளை விடுவிக்கும் முதல் பிரகடனத்தை லிங்கன் வெளியிட்டார். கால்வாயில் 76-ஆம் மைலருகே படகுத் துறை ஒன்று இருக்கிறது. அங்கிருந்து ஷார்ப்ஸ்பர்க் ஊர் இரண்டு மைல்கூட வராது. போர்க்களத்தைச் சுற்றிப்பார்க்க எட்டரை மைல் சாலை, அதில் 11 நிறுத்தங்கள். களத்தின் மேடு பள்ளத்தைக் காரில் இருந்து உணரமுடியாது. இங்கே மட்டும் சைக்கிளை இறக்கி அதிலேயே சுற்றச் சொல்வேன். நான் களத்துக் கல்பாலத்துக்குக் கிட்டே காரை நிறுத்திவிட்டுப் புத்தகம் படிப்பேன்.

ஹார்ப்பர்ஸ் ஃபெரி பார்க்கவேண்டிய ஊர், ஏற்றிக்கொள்ளக்கூடாத ஊர். அடிமைமுறைக்கு எதிராக ஜான் பிரவுன் 1859-ல் ஆயுதக் கிடங்கைப் பிடித்த இடம். இரண்டு ஆறுகள் கூடும் முனை. பாதையிலிருந்து ரயில் பாலத்தை ஒட்டிய நடைபாலத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விடலாம். ஆனால் மேரிலாந்து கரையில், பாறைச்சுவருக்கும் ரயிலுக்கும் நடுவே ஒடுங்கிய சாலையில் நின்று நாலு சைக்கிளைத் தூக்கி மாட்டுவது நடக்கிற காரியமல்ல. ஆறு மைல் தள்ளி பிரன்ஸ்விக்கில் தாராளமான நிறுத்தம் இருக்கிறது. ஊரைப் பார்த்துவிட்டு அங்கே வந்துவிடுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

கூடாரம் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கால்வாயோரம் சில மைல்களுக்கு ஒன்றாக இலவச முகாம் இடங்கள் உண்டு, ஒரு கழிப்பறையும் கைப்பம்பும் இருக்கும். அவை நடந்தோ சைக்கிளிலோ வருகிறவர்களுக்கு மட்டும். காரில் கூடாரத்தைக் கொண்டுவந்து கொடுக்கலாம் என்று நினைத்தால் அங்கே சாலை இருக்காது. கார் வேண்டுமென்றால் கட்டணம் கட்டும் முகாம்களை முன்பதிவு செய்யவேண்டும்.

காரோட்ட ஆளில்லாதவர்கள் பாதையோர ஊர்களில் உள்ள வண்டிக்காரர்களை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். சைக்கிள் தாங்கி பொருத்திய வேன்கள் வைத்திருக்கிறார்கள். செயலியில் டாக்சி அழைக்கலாம் என்ற நினைப்பு இந்தச் சிற்றூர்களில் எடுபடாது. இன்னொரு வழி ஆம்ட்ராக் ரயில். வாஷிங்டன், ராக்வில், ஹார்ப்பர்ஸ் ஃபெரி, கம்பர்லண்ட், கனெல்ஸ்வில், பிட்ஸ்பர்க் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு நாளுக்கு ஒரு வண்டி அங்கும் ஒன்று இங்கும். 2024 நவம்பரிலிருந்து அது சிகாகோவையும் மயாமியையும் இணைக்கும் ஃப்ளோரிடியன். சைக்கிளுக்கு இடம் கொஞ்சம்தான், டிக்கெட்டோடு அதையும் பதிவு செய்தே ஆகவேண்டும். பிட்ஸ்பர்க்குக்குப் போகும் வண்டி நள்ளிரவையொட்டிச் சேரும் என்பதால் அன்றிரவு விடுதியும் தேவைப்படும். அவ்வளவு தூரம் ஓடும் வண்டி தாமதமாகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாள் கிரேட் ஃபால்ஸ். ஜார்ஜ்டவுனுக்கு 14 மைல் முன்னால் பொட்டோமேக் பாறைகளில் மோதி விழும் இடம். அருவியைப் பார்க்கப் போகும் மரப்பாலத்தில் சைக்கிளுக்கு அனுமதியில்லை. அதனால் என் வேலை அங்கே சைக்கிள்களுக்குக் காவல். அத்தோடு என் ஓட்டம் முடிந்தது. பூஜ்யம் மைல்கல்லருகே மாலை போட்டு வரவேற்கவேண்டும் என்று கொழுந்தனார் வருஷம் தவறாமல் கேட்கிறார். ஜார்ஜ்டவுனில் சாயங்கால நெரிசலில் கார் நிறுத்த நான் போகமாட்டேன். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஃபாகி பாட்டம் மெட்ரோ நிலையம் இருக்கிறது, ரயிலில் சைக்கிளை ஏற்ற எந்த நேரத்திலும் தடையில்லை. நகரும் படிக்கட்டில் மட்டும் சைக்கிள் கூடாது, லிஃப்டில்தான் இறக்கவேண்டும். ஒருமுறை வண்டி மாறினால் ராக்வில். நான் அங்கே நிற்பேன், சாப்பாடு வீட்டில்.